“ஜெபித்தால் போதும்” என்கிறது கமிட்டி. நான் என்ன செய்ய, ஐயா?

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு 25 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளில், வாலிபர் ஐக்கியச் செயலாளர். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இரண்டு வருஷமாக நாங்கள் 14 பேர் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். என் சபையில் 6 பேர், ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) பங்கில் 5 பேர், லுத்தரன் சபைத் தம்பி ஒருவன், பெந்தெகொஸ்து சபையில் அக்கா தங்கை இருவர். போன மாதம் அந்தக் குடியிருப்பில் ஒருவர் ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் இறங்கி மூச்சுமுட்டி இறந்துபோனார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறவர்கள். வீட்டுக்காரர் ஒரு லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்று இறந்தவரின் மனைவியை நெருக்குகிறாராம்.

எல்லாச் சபையாரும் சேர்ந்து ஒரு நினைவு ஜெபம் நடத்தலாம் என்று எங்கள் சபை மண்டபத்தைக் கேட்டோம். “ஆர்சிக்காரங்களோட என்ன கூட்டு? ஜெபிக்கிறதோட நிறுத்துங்க, இது அரசியல், உங்களுக்கு வயசு போதாது” என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் சபைப் போதகரான ஐயர் நல்லவர்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. பொறுப்பை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. கனடாவில் ஒரு சபை எங்கள் வேலையைக் கேள்விப்பட்டு என் அக்கவுண்டுக்குப் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போகலாமா என்றும் யோசிக்கிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இன்னொன்று, ஐயா. சபைப் பண்டிகையின் பொதுப் பந்தியான அசனத்தன்று அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். “பந்தியில வேண்டாம், வாளியில வாங்கிட்டுப் போகட்டும்” என்றார்கள். வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பெயர் போடவேண்டாம்.

பதில்:

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. உன் பொறுப்பும் படிப்பும் கல்யாணமும் ஒரு மாதம் பொறுக்கும். அந்த அம்மாவின் கையெழுத்து பொறுக்காது. இதைப் படித்ததும் உங்களில் இரண்டு பேர் போய், முத்திரைத்தாளோ வெறும் தாளோ, எதிலும் கையெழுத்தும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாவுச் செலவுக்கு வீட்டுக்காரர் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும், தப்பில்லை. “இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது” என்று எழுதிக்கொடுப்பதுதான் ஆபத்து.

ஏன் ஆபத்து என்றால், அந்தக் குடும்பத்துக்குச் சேரவேண்டியது ஒரு லட்சம் இல்லை. கழிவுநீர்க் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஓர் ஆளை செப்டிக் டேங்கில் இறக்கினால், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் போலீசில் இந்த மாதிரிச் சாவை இயற்கைக்கு மாறான மரணம் என்று மட்டும் எழுதி மூடிவிடுவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் பாருங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தரவேண்டும். அதில் 2013 சட்டத்தின் பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுக்கவேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, இவை மூன்றும் கைக்கு வரவேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு. “தனியார் வீட்டில் நடந்தது, எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று வாசலிலேயே யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

மனுவில் கேட்கிறவர் அந்த அம்மாதான். உங்கள் 14 பேரின் பெயரும் அதில் வரக்கூடாது. கூடப் போவது, ஆட்டோவுக்குக் கொடுப்பது, காத்திருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வைப்பது, இதுதான் உங்கள் வேலை. கணக்கு டீச்சருக்கு ஃபைல் வைக்கத் தெரியும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன்னைப்போல நல்ல மனதோடு இறங்கும் பிள்ளைகள் தெரியாமல் தடுக்கி விழும் இடம் இது. நினைவு ஜெபத்துக்கு போஸ்டர் அடிக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இறந்தவரின் படம், மேலே ஒரு சிலுவை, கீழே சபைகளின் பெயர்கள். அடிக்காதே. பேஸ்புக்கிலும் போடாதே. அந்தக் குடும்பத்தின் சாதிச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகள் பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். அதன் 3-ஆம் பத்தி, இந்துக்களைத் தவிர வேறு எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்கிறது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பட்டியல் சாதியாரையும் பழங்குடியினரையும் காக்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவல் அவருக்குக் கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கழுவப்படவில்லை, சட்டம் கொடுத்த பாதுகாப்பு மட்டும் கழுவிப்போனது. 2024 நவம்பரில்கூட, கிறிஸ்தவ விசுவாசத்தோடு வாழ்கிற புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இதனால்தான் எத்தனையோ குடும்பங்கள் சான்றிதழில் ஒரு பெயரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெயருமாக வாழ்கின்றன. அவர்களை இரட்டை வேஷக்காரர்கள் என்று பேசுகிறவர்களை என் வீட்டுத் திண்ணையில்கூட நான் உட்காரவிடுவதில்லை. பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பையும் வீட்டுப் பட்டாவையும் பணயம் வைத்து விசுவாச அறிக்கை செய் என்று வயிறு நிறைந்த நாம் எப்படிச் சொல்வது? 30 லட்சம் சாதிச் சான்றைப் பார்த்துக் கொடுக்கிற பணம் இல்லை, அது எப்படியும் கேட்கக்கூடியது. ஆனால் வன்கொடுமைச் சட்டப் பிரிவும் பிள்ளைகளின் படிப்புச் சலுகையும் அந்தச் சான்றில் நிற்கின்றன. ஒரு போஸ்டர் அதை ஆட்டிவிடும். எதைச் செய்தாலும் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 10 அன்று கத்தோலிக்கரும் நம் சபைகளும் சேர்ந்து, அந்த 1950 ஆணையை எதிர்த்துக் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறும் சேர்ந்துதான். உன் கமிட்டி “ஆர்சிக்காரங்களோட என்ன கூட்டு” என்று கேட்டால், இந்தக் கூட்டு தேசிய அளவில் சபைத் தலைவர்களே செய்துகொண்ட கூட்டு என்று பணிவாகச் சொல்லலாம்.

கனடாப் பணம். வாங்காதே. நல்லவர்கள்தான் அனுப்புகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவுபெறாத ஒரு குழுவோ தனி ஆளோ சமூக வேலைக்கென்று வெளிநாட்டுச் சபையிடமிருந்து பணம் வாங்கினால் குற்றம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற நிறுவனமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் திறந்துதான் அதை வாங்கமுடியும், வாங்கியதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது. ஆகவே “டயோசிஸ் (பேராயரின் திருமண்டலம்) வழியாக வாங்கிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. உன் பெயரில் வரும் 50,000 ரூபாய், அந்த அம்மாவின் வழக்கையே “வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் நாடகம்” என்று ஒதுக்கிவிடப் போதும். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போடுங்கள். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி மாதாமாதம் 14 பேரும் கையெழுத்துப் போடுங்கள். கனடாக்காரர்களுக்கு ஒரு பதில் எழுது. பணத்துக்குப் பதிலாக, அந்தக் குடும்பத்துக்காக ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்கச் சொல்.

இப்போது அரசியல் என்ற பேச்சுக்கு வருகிறேன். அதற்கு உன் கடிதத்தின் கடைசியிலிருந்துதான் தொடங்கவேண்டும். வாளியைப் பற்றி ஏதோ மறந்துபோனதை எழுதுவதுபோல எழுதியிருக்கிறாய். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. கமிட்டியில் உன்னைப் பேசியதைவிட அது பெரிய காரியம்.

நம் சபைகள் ஏன் பிரிந்தன என்று கேட்டால் ஜெர்மனியைச் சொல்வோம், இங்கிலாந்தைச் சொல்வோம். அந்தப் பிரிவுகள் கப்பலில் வந்தவை. தரங்கம்பாடியில் 1706-இல் லுத்தரன் மிஷன் இறங்கியது, பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாளி நம் ஊர்ச் சரக்கு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக ஒழியவேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்காகச் சபையை விட்டே போனார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து, அதாவது ஆராதனையில் கொடுக்கிற நற்கருணை, எடுப்பதைவிடச் சபையை விட்டுப் போவது அவர்களுக்கு லேசாக இருந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் கட்டியிருப்பதைப் பத்திரிகையில் படித்திருப்பாய். செத்த பிறகும் தனிப் பந்தி.

ஆகவே நம் மண்ணில் சபை ஒருமை என்பது ஐயரும் ஃபாதரும் ஒரே மேடையில் பொன்னாடை மாற்றிக்கொள்வதில் தொடங்காது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில் தொடங்கும். இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. பைபிளில் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் நின்று, முகத்துக்கு நேரே கேட்டார். ஆதிச் சபை ஒன்றாக இருக்குமா இரண்டாகுமா என்ற கேள்வி ஒரு பந்தியில்தான் எழுந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பரட்டை தியோபிலஸ் அப்பாவு, கிராமியப் பாட்டும் பறையுமாக வழிபாட்டை மாற்றியவர், ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதை அதனால்தான் விடாமல் வலியுறுத்தினார்.

வயசு போதாது என்றார்களாமே. உன் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த ஒரு பிள்ளை, 28 வயதில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் முன்னால் நின்றார். வே. ச. அசரியா. 1910-இல் எடின்பரோவில் உலகத்து மிஷனரிகள் கூடின கூட்டத்தில், நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரர் தம் வீட்டு மேசையில் இந்திய ஊழியரை உட்காரவைக்காத காலம் அது. அந்தக் கேள்விக்கு அடியிலும் பந்திதான் இருந்தது. அதே அசரியா 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபைகளை ஒன்றாக்குவது பற்றிய ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். கூடினவர்களில் இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர். நம்மைப் பிரித்து வைத்திருக்கிற பிரிவினைகள் நாம் உண்டாக்கினவை இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-இல். நடுவில் 28 வருஷம். அசரியா 1945 ஜனவரி 1 அன்றே இறந்துபோனார், பார்க்கவில்லை. உன் கமிட்டி உட்கார்ந்து கூட்டம் நடத்துகிற அந்தச் சபையே ஓர் ஒன்றிப்பு வேலையின் பிள்ளை. அதன் இலச்சினையில் இருக்கிற வாசகம் யோவான் 17-இலிருந்து வருகிறது. அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும் என்ற ஜெபம். எதற்காக என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது: உலகம் விசுவாசிக்கிறதற்காக. உன் குடியிருப்புப் பிள்ளைகளும் அந்த உலகம்தான், அவர்கள் பார்ப்பதோ நம் வாளி வரிசை.

என் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். 30 வருஷத்துக்கு முன்பு, இளைஞர் பணியில் இருந்தபோது, ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தை ஓர் ஊரில் பெரிய அளவில் நடத்தினேன். நாலு சபைப் பாடகர் குழு, மெழுகுவர்த்திப் பவனி, எல்லாம். இரண்டு மாதம் கழித்து அதே ஊரில் ஒரு தலித் குடும்பத்துச் சவப்பெட்டியை பெரிய தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். மறித்தவர்களில் என் பாடகர் குழுவில் பாடினவர்கள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தார் எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போகவில்லை. பேச்சுவார்த்தை நடக்கட்டும் என்று வீட்டில் இருந்துகொண்டேன். பெட்டி வயல் வழியாகப் போனது. அந்த வீட்டுப் பெரியம்மா பிறகு என்னைப் பார்த்தபோது ஒன்றும் கேட்கவில்லை, “சாப்பிட்டீங்களா ஐயரே” என்று மட்டும் கேட்டார். அந்த ஒன்றிப்பு வாரத்தின் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

அதனால் மண்டபம் கிடைக்கவில்லை என்று வருந்தாதே. அந்த அம்மா சம்மதித்தால் அவர் வீட்டு வாசலில், அந்தத் தெருவிலேயே ஜெபியுங்கள். மைக் வேண்டாம். கத்தோலிக்க நண்பர்கள் தங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு வரட்டும். சேர்ந்து ஜெபிப்பதை கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஒன்றிப்பு ஏடே ஊக்குவிக்கிறது, அவர் தடுக்கமாட்டார். திருவிருந்து மட்டும் சேர்த்து நடத்தாதீர்கள். அதில் இரு பக்கமும் தீராத காரியங்கள் இருக்கின்றன, துக்க வீட்டு வாசலில் அதைத் தீர்க்க முடியாது. கர்த்தருடைய ஜெபத்தில் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று நீங்கள் தொடங்குவீர்கள், “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று அவர்கள் தொடங்குவார்கள். சொல்லட்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தால் போதும். வாசிப்புக்கு 1995-இல் இரு பக்கத்தாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் ஆர்சி வீடுகளில் இருக்கும், எடுத்து வரச் சொல். பெந்தெகொஸ்துப் பிள்ளைகளின் சபைப் பெயரை எங்கும் போடாதே. அவர்கள் பாஸ்டர் தடுத்தாலும், பாடம் சொல்லிக்கொடுக்க அவர்கள் வருவதை அது கெடுக்காமல் பார்த்துக்கொள்.

பொறுப்பை விடாதே. நீ விட்டால் அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பார்கள் என்று உனக்கே தெரியும். மண்டபம் கேட்ட விண்ணப்பத்தை எழுத்தில் கொடு, கிடையாது என்றால் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யச் சொல். கோபமாக வேண்டாம். ஐயரைத் தனியாகப் போய்ப் பார். வாய் திறக்காத ஐயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மாறுதல் உத்தரவின் பயம் இருக்கும். அவர் மேடையில் பேசாவிட்டாலும் அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒரு தடவை வரச் சொல். சேகரத் தேர்தல் நெருங்கும்போது உங்கள் 14 பேரையும் ஏதாவது ஓர் அணி “நம்ம பிள்ளைகள்” என்று தோளில் கைபோடும். அந்தக் கைக்குள் போகாதே. போனால் உங்கள் வேலை அத்தனையும் ஓட்டுக் கணக்காகிவிடும்.

இறையியல் படிப்பைப் பற்றி எனக்கு ஆசைதான். நம் சபை 1976-இலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அரசரடிக் கல்லூரி 1969-இல் சபை வேற்றுமையைத் தாண்டிச் சேர்ந்தே உருவானது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியே போய் ஏழை மக்கள் நடுவில் தங்கிப் படிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. உனக்குப் பொருத்தமான இடம். ஆனால் இந்தத் துக்கத்தின் சூட்டில் வேலையை விடாதே. வழக்கு ஒரு கட்டத்துக்கு வரட்டும், ஒரு வருஷம் போகட்டும். அப்போதும் மனம் அங்கேயே நின்றால் எனக்கு எழுது, சிபாரிசுக் கடிதம் நான் தருகிறேன். மாப்பிள்ளை விஷயத்தில் அப்பா அம்மாவோடு சண்டை வேண்டாம். வருகிறவரை ஒரு மாலை அந்தக் குடியிருப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. அவர் அங்கே டீ வாங்கிக் குடிக்கிறாரா என்று பார்த்துக்கொள்.

அடுத்த அசனம். இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் இப்போதே தொடங்கு. பிள்ளைகளின் தாய்தகப்பனிடம் முதலில் கேள். “மறுபடி அவமானம் எதுக்கு” என்று அவர்கள் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள். அவர்கள் வருகிறோம் என்றால், பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே ஐயரிடமும் கமிட்டியிடமும் போய், இந்தப் பிள்ளைகள் எங்களோடு பந்தியில் உட்காருவார்கள் என்று சொல்லிவிடு. அனுமதி கேட்கிற தொனியில் சொல்லாதே. சம்மதித்தால் நன்று. சம்மதிக்காவிட்டால், பெரியவர்கள் வாளியோடு வந்து நிற்கிற அந்த வரிசையில், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, நீங்கள் 14 பேரும் ஆளுக்கொரு வாளியோடு நில்லுங்கள். வாங்கின சோற்றைக் குடியிருப்புக்குக் கொண்டுபோய், பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாள் குறித்ததும் எனக்கு எழுது. நானும் ஒரு வாளி எடுத்துக்கொண்டு வருகிறேன்.